வாயைப் பிடுங்குவதா, பேச விடுவதா? உளவு விசாரணைக்கு எந்தப் பயிற்சி

பினாங்கு பாயான் லெப்பாஸில் சில்லு சோதிக்கும் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவு என் பொறுப்பு. போன மாதம் எங்கள் மேலாளர், நம்ம ஆள்தான், மூன்று பயிற்சி நிறுவனங்களின் விளம்பரத் தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு, "எதையாவது ஒன்னு பார்த்து முடிங்க, லெவியிலயே கழிச்சுக்கலாம்" என்று சொல்லிப் போனார். பத்து மலேசிய ஊழியருக்குக் குறையாமல் உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்ஆர்டி கார்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. சும்மா கிடக்கும் பணம்தானே என்று கிடைத்த பயிற்சிக்கெல்லாம் ஆள் அனுப்புவது இங்கே பழகிப்போன ஒன்று. தீயணைப்புப் பயிற்சி என்றால் நானும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருப்பேன். இது உளவு.

எங்கள் விசாரணைக் குழுவில் ஐந்து பேர். முன்னாள் போலீஸ்காரர்கள் இருவர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர், கணினிப் பிரிவிலிருந்து வந்த ஒரு பெண், மனிதவளத்திலிருந்து ஒருவர். திருட்டு விசாரணையில் கெட்டிக்காரர்கள். ஸ்டோரில் செம்புக் கம்பி குறைந்தால் இரண்டு நாளில் ஆளைப் பிடித்துவிடுவார்கள். ஆனால் வரைபடம் குறையாது. களவுபோன பிறகும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். எடுத்தவருக்கோ அதைத் திறந்து பார்க்கும் உரிமை வேலையோடு சேர்த்தே கொடுக்கப்பட்டிருக்கும். "அந்தக் கோப்பைத் தொட்டீர்களா?" என்று கேட்டால் "ஆமாம், அதுதானே என் வேலை" என்பார். அதற்குமேல் என்ன கேட்பது என்று தெரியாமல்தான் விசாரிப்பவர் குரலை உயர்த்துகிறார்.

எங்கள் கை எவ்வளவு நீளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் போலீஸ் இல்லை. யாரையும் அடைத்து வைக்க முடியாது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு உள்விசாரணைக்கு வழி வைக்கிறது. அதற்காக ஒருவரை இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் நிறுத்தி வைக்கலாம், பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். விஷயம் இன்னொரு நாட்டுக்காக நடந்தது என்று தெரிந்தால் கதையே வேறு. 2012இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த 124எம் பிரிவின்படி உளவுக்கு ஆயுள் தண்டனை. பாதுகாப்புக் குற்றங்களுக்கான சொஸ்மா சட்டம் 28 நாள் வரை தடுத்து வைக்க விடுகிறது. அந்த இடத்தில் நாங்கள் கோப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டியவர்கள். ஆனால் முதல் பேச்சு பெரும்பாலும் எங்களுடையது. அதைக் கெடுத்தால் பின்னால் வருபவருக்கு அழிக்கப்பட்ட கைப்பேசியும் உஷாரான ஆளும்தான் மிஞ்சும்.

அந்த மூன்று தாள்களில் இருந்தவை இரண்டு வகை. நானாகத் தேடிச் சேர்த்தவை இன்னும் இரண்டு.

முதல் தாள், ஒப்புக்கொள்ள வைக்கும் கலை. சிகாகோவைச் சேர்ந்த ஜான் ரீட் வகுத்த முறையின் வழி வந்தது. முதலில் ஆளை உட்கார வைத்துப் பேசி, கண், கை, கால் அசைவு பார்த்துப் பொய் சொல்கிறாரா என்று முடிவு கட்ட வேண்டும். பொய் என்று பட்டால் அடுத்த கட்டத்துக்கு ஒன்பது படிகள். "நீதான் செய்தாய் என்று எங்களுக்குத் தெரியும்" என்று தொடங்க வேண்டும். மறுக்க விடக்கூடாது. பிறகு முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கதையை நீட்ட வேண்டும்: பேராசையால் இல்லையே, குடும்பக் கஷ்டத்தால்தானே?

இந்த முறையை நான் புத்தகத்தில் மட்டும் அறிந்தவன் இல்லை. சுமார் பத்து ஆண்டுக்கு முன் வேறொரு நிறுவனத்தில் இருந்தபோது இரண்டு நாள் வகுப்புக்குப் போய்விட்டு வந்து, ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டெக்னீஷியனிடம் அதைப் பிரயோகித்தேன். அவருடைய லாக்கரில் இருந்த பென்டிரைவில் சோதனை நிரல் ஒன்று கிடைத்திருந்தது. காலை பத்து மணிக்கு உட்கார வைத்தேன். "மக காலேஜ் பீஸுக்குத்தானே அண்ணே?" என்று நான்கு முறையாவது கேட்டிருப்பேன். மாலை நான்கு மணிக்குத் தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டார். மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது, இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்த வெளியாளுக்காகப் பிரிவுத் தலைவரே வாய்வார்த்தையாக நகலெடுக்கச் சொல்லியிருக்கிறார். மனுஷன் வீட்டுக்குப் போகத்தான் கையெழுத்துப் போட்டார். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டோம். வரவில்லை.

அவர் தலை குனிந்ததை நான் குற்ற உணர்ச்சி என்று எழுதி வைத்தேன். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நம் வீடுகளில் பெரியவர் சத்தம் போட்டால் நிமிர்ந்து பார்ப்பவனைத்தான் திமிர் பிடித்தவன் என்போம். நேபாளத் தொழிலாளியும் ஜாவாக்காரத் தொழிலாளியும் மேலதிகாரி முன் எப்படி நிற்கிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். கருவி இல்லாமல், ஆளைப் பார்த்தும் கேட்டும் பொய்யைக் கண்டுபிடிப்பது குறித்து நடந்த ஆய்வுகளை 2006இல் திரட்டிப் பார்த்தபோது, மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரி 54 விழுக்காடுதான். காசு சுண்டிப் போட்டுப் பார்த்தால் 50 கிடைக்கும்.

ரீட்டுக்கே அப்படி ஒன்று நடந்திருக்கிறது. 1955இல் நெப்ராஸ்காவில் டாரல் பார்க்கர் என்பவர் தன் மனைவியைக் கொன்றதாக அவரிடம் ஒப்புக்கொண்டார், மறுநாளே மறுத்தார். உண்மையில் கொன்றவன் வேறொருவன் என்பது பிறகு வெளிவந்து, 2012இல் அந்த மாநிலம் மன்னிப்புக் கேட்டு 5 லட்சம் டாலர் கொடுத்தது. 2017இல் அமெரிக்காவின் பெரிய பயிற்சி நிறுவனங்களில் ஒன்றே இந்த முறையைச் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டது. நமக்கு அனுப்பிய தாளில் அந்தச் செய்தி இல்லை.

உளவு வழக்கில் இந்த முறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டாம். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் போதும். இஸ்ரோவின் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) ராக்கெட் திட்டத்தைக் கவனித்த விஞ்ஞானி. 1994இல் திருவனந்தபுரத்தில் மாலத்தீவுப் பெண் ஒருவர் விசா காலம் கடந்து தங்கியதில் தொடங்கிய விசாரணை, நவம்பர் கடைசியில் இவருடைய கைதில் வந்து நின்றது. ராக்கெட் ரகசியத்தை விற்றார் என்று குற்றச்சாட்டு. அந்தக் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் அப்போது இந்தியாவின் கையிலேயே இல்லை. இல்லாத பொருளை எப்படி விற்பது என்று கேட்கும் அளவுக்குப் பொருள் தெரிந்தவர் விசாரணை அறையில் இருந்ததாகத் தெரியவில்லை. விசாரணையில் தன்னை அடித்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஐம்பது நாள் சிறை. 1996இல் சிபிஐ குற்றச்சாட்டில் உண்மையில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம், கைதே தேவையற்றது என்று சொல்லி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. இருபத்து நான்கு வருடம்.

அமெரிக்காவிலும் இதே பாணியில் ஒன்று. 2015இல் டெம்பிள் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஷி ஷியாவ்ஷிங் சீனாவுக்கு ஒரு கருவியின் வரைபடத்தை அனுப்பினார் என்று விடியற்காலையில் வீட்டுக்கே வந்து கைது செய்தார்கள். துறை வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அது அந்தக் கருவியே இல்லை என்றார்கள். நான்கு மாதத்தில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். எங்கள் பேக்டரியில் இது நாளைக்கே நடக்கலாம். சோதனை நிரலுக்கும் அதன் அளவீட்டுப் பட்டியலுக்கும் வித்தியாசம் தெரியாத ஐந்து பேர்தான் என் குழு.

இன்னொரு காரணமும் உண்டு, அது சட்டம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 113ஆவது பிரிவு 2007 முதல் திருத்தப்பட்ட வடிவில் நடப்பில் இருக்கிறது. அதன்படி, குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணையின்போது போலீசிடம் சொன்னதை அவருக்கு எதிரான சான்றாகப் பொதுவாகப் பயன்படுத்த முடியாது. சாட்சியச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, அவர் சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால் அந்தத் தகவலை ஏற்கிறது. அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, அதிகாரத்தில் உள்ளவர் மிரட்டியோ ஆசை காட்டியோ பெற்ற ஒப்புதலைத் தள்ளிவிடுகிறது. முதலாளியையும் அப்படிப்பட்ட அதிகாரத்தில் உள்ளவராக நீதிமன்றம் கருத இடமுண்டு. ஆக, இந்த நாட்டில் "நான்தான் செய்தேன்" என்ற ஒரு வரியின் மதிப்பு குறைவு. "அந்தப் பிரதியை இன்ன இடத்தில் வைத்தேன்" என்பதன் மதிப்பு அதிகம். ஒப்புதலைக் குறி வைக்கும் பயிற்சியை இங்கே காசு கொடுத்து வாங்குவது, ஓடாத ரயிலுக்கு டிக்கெட் வாங்குவது போல.

2009 ஜூலையில் அரசியல் உதவியாளர் தியோ பெங் ஹோக் ஷா ஆலாமில் ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்குச் சாட்சியாகத்தான் போனார். இரவு முழுக்க விசாரணை. மறுநாள் பிணமாகக் கிடந்தார். அதே ஆண்டு ஜனவரியில் குகன் என்ற நம் இளைஞர் போலீஸ் காவலில் இறந்ததை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. எங்கள் குழுவிலுள்ள முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் இந்தப் பேச்சு வந்தால் தேத்தண்ணிக் குவளையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது தாள் பொய் கண்டறியும் கருவி. இதற்கு நிறைய நேரம் வேண்டாம். சிஐஏவில் இருந்துகொண்டு சோவியத்துக்கு வேலை பார்த்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986இலும் 1991இலும் இந்தச் சோதனையில் தேறியவர். கியூபாவுக்கு உளவு பார்த்த ஆனா மோன்டெஸும் தேறினார். மறுபக்கம், எஃப்பிஐக்குள் இருந்த ஒற்றன் ராபர்ட் ஹான்சனைத் தேடிய காலத்தில், தவறுதலாக மாட்டிய பிரையன் கெல்லி என்ற சிஐஏ அதிகாரி சோதனையில் தேறியபோது, கருவியையே ஏமாற்றும் கைதேர்ந்த ஒற்றன் என்று அவரை எழுதிவைத்தார்கள். தேறினாலும் மாட்டல், தேறாவிட்டாலும் மாட்டல். அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003இலேயே ஊழியர்களைச் சலித்தெடுக்க இது நம்பத்தக்கதல்ல என்று சொல்லிவிட்டது. மூன்றாவது தாளும் இதே கருவிதான், குரலை வைத்து. குப்பைத் தொட்டி.

நானாகத் தேடியதில் முதலாவது, 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போலீஸ் கொண்டுவந்த பீஸ் (PEACE) முறை. கில்ஃபோர்டு குண்டுவெடிப்பில் ஒப்புக்கொள்ள வைக்கப்பட்டுச் சிறை போன நால்வர் பதினைந்து ஆண்டு கழித்து 1989இல் நிரபராதிகள் என்று வெளியே வந்த அவமானத்தின் பிள்ளை அது. ஐந்து கட்டம்: தயாரிப்பு, அறிமுகமும் விளக்கமும், முழுக் கதையை அவர் வாயாலேயே கேட்பது, முடித்துவைப்பது, பிறகு உட்கார்ந்து மதிப்பிடுவது. பொய் சொல்லி ஏமாற்றக் கூடாது. எல்லாம் பதிவாகும்.

கேட்டவுடன், "இது என்னண்ணே, டீக்கடைப் பேச்சு மாதிரி இருக்கு" என்றார் எங்கள் ராணுவத்துக்காரர். அவருக்குக் கிளாஸ் ஃபுக்ஸின் கதையைச் சொன்னேன். அணுகுண்டு ரகசியத்தைச் சோவியத்துக்குக் கொடுத்த விஞ்ஞானி. பிரிட்டனின் கையில் இருந்த ஆதாரம், உடைத்துப் படித்த சோவியத் சங்கேதத் தந்திகள். அதை நீதிமன்றத்தில் காட்ட முடியாது, ஃபுக்ஸிடமும் காட்ட முடியாது. வில்லியம் ஸ்கார்டன் என்ற அதிகாரி 1949 டிசம்பரில் போய்ச் சாதாரணமாகப் பேசத் தொடங்கினார். அடுத்த மாதம் ஃபுக்ஸ் தானாகவே எல்லாவற்றையும் சொன்னார். 1950 மார்ச்சில் பதினான்கு ஆண்டு தண்டனை. பீஸ் முறை பிறக்கும் முன்பே நடந்தது என்றாலும் குணம் ஒன்றுதான். முழுதும் சொல்ல வேண்டும் என்றால், இதே ஸ்கார்டன் சோவியத் ஒற்றர்களான கிம் ஃபில்பியிடமும் ஆண்டனி பிளன்டிடமும் எத்தனையோ முறை பேசியும் ஒன்றும் பெயரவில்லை. பொறுமை எல்லாப் பூட்டுக்கும் சாவி இல்லை. ஆனால் அவர்கள் பேசாமல் போனதால் ஒரு நிரபராதி உள்ளே போகவும் இல்லை.

பீஸ் முறையின் உண்மையான பலவீனம் வேறு. ஒரு வாரப் பயிற்சியாகத் தொடங்கினார்கள். 2001இல் அதை மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்ற பலருடைய விசாரணையில் பெரிய மாற்றம் தெரியவில்லை. வகுப்பு முடிந்து ஸ்டேஷனுக்குப் போனதும் யாரும் பின்தொடர்ந்து கவனிக்கவில்லை. விடுதியில் ஐந்து நாள், மதியம் பஃபே, கடைசி நாள் சான்றிதழோடு படம். நமக்குத் தெரியாததா?

கடைசி வழி, ஆதாரத்தை எப்போது வெளியே எடுப்பது என்பதைக் கற்பிக்கும் ஸ்வீடன் முறை. நாங்கள் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். கதவு அட்டைப் பதிவைப் பட்டென்று மேசையில் போட்டு, "சனிக்கிழமை ராத்திரி மூன்றாம் மாடியில என்ன வேலை?" என்போம். அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு கதை கட்டுவார். மாறாக, "போன வாரக் கடைசி எப்படிப் போச்சு, முதலிலிருந்து சொல்லுங்க" என்று தொடங்கினால்? கள்ளம் இல்லாதவர், "சனிக்கிழமை கூட வந்துட்டுப் போனேன், சார்ஜரை மறந்துட்டேன்" என்று தானாகச் சொல்லிவிடுவார். கள்ளம் உள்ளவர் மூன்றாம் மாடியைச் சுற்றிக்கொண்டு போவார். அதன் பிறகுதான் தாள் வெளியே வர வேண்டும். ஸ்வீடனில் போலீஸ் பயிற்சி பெறுவோரை வைத்துச் செய்த சோதனை 2006இல் வெளியானது. இதைக் கற்றவர்கள் 85 விழுக்காடு சரியாகக் கணித்தார்கள், கற்காதவர்கள் 56. சோதனைக் கூடத்துக் கணக்குதான், நம் மூன்றாம் மாடியில் அப்படியே வரும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனாலும் இடைவெளி பெரிது.

உளவுக்கு இது பொருந்துவதற்கு எனக்குப் பிடித்த சான்று ஜிஇ ஏவியேஷன் கதை. அங்கே ஒரு பொறியாளர் 2017இல் நான்ஜிங்கில் உரையாற்றப் போய் வந்தார். கூப்பிட்டவர்களுக்குப் பின்னால் சீன உளவுத்துறை அதிகாரி ஷு யான்ஜுன் இருந்தார். நவம்பரில் எஃப்பிஐ பொறியாளரை விசாரித்தது. அவர் ஒத்துழைக்க இணங்கினார், நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 2018 ஏப்ரலில் அந்த அதிகாரியே பெல்ஜியம் வரை வந்து கைதானார், 2022இல் இருபது ஆண்டு தண்டனை. பொறியாளரை மிரட்டி ஒரு கையெழுத்து வாங்கி வேலையிலிருந்து தூக்கியிருந்தால் கதை அதே நாளில் முடிந்திருக்கும், பின்னால் இருந்தவர் அடுத்த ஆளைத் தேடிப் போயிருப்பார். எதிரில் இருப்பவர் பாதி நேரம் நூல்தான். பிடித்திருப்பவர் வேறு யாரோ.

2017 பிப்ரவரியில் கோலாலம்பூர் விமான நிலையத்தில் வடகொரியத் தலைவரின் ஒன்றுவிட்ட அண்ணன் கிம் ஜோங் நாம் கொல்லப்பட்டதும் இந்த வகைதான். முகத்தில் விஷம் பூசியதாகக் கைதான இந்தோனேசியப் பெண்ணும் வியட்நாம் பெண்ணும், தொலைக்காட்சிக் குறும்புக்கு நடிக்கிறோம் என்றே நினைத்ததாகச் சொன்னார்கள். 2019இல் இருவரும் விடுதலையாகி ஊர் போனார்கள். கைதான வடகொரியர் ஒருவரைப் போதிய ஆதாரமில்லை என்று சில வாரத்திலேயே நாடு கடத்தினார்கள்.

மேற்சொன்ன எந்தப் பயிற்சியும் தொடாத ஒரு விஷயம் மொழி. எல்லாம் ஆங்கிலத்தில்தான் கிடைக்கிறது. என் ஆட்கள் விசாரிப்பதோ தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும், உடைந்த நேபாளியிலும். ஆங்கிலத்தில் "யூ" ஒன்றுதான். தமிழில் வாயைத் திறந்த உடனேயே நீ, நீங்க இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். "நீ" என்றால் தீர்ப்பே சொல்லிவிட்டாய். "நீங்க" என்று தொடங்கிவிட்டு, கோபம் வந்ததும் "நீ"க்கு இறங்கினால் எதிரில் இருப்பவர் அந்த நொடியைக் குறித்துக்கொள்வார். "அண்ணே" இன்னும் ஆபத்து. நான் அந்த டெக்னீஷியனை நாள் முழுக்க அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். உறவுப் பெயரைச் சொல்லி நெருக்குவது அதட்டுவதை விட மோசம் என்று இப்போது நினைக்கிறேன், ஏனென்றால் அதட்டலை மறுக்கலாம், தம்பி கேட்கும்போது எப்படி மறுப்பது? பிறகு, கேள்வியின் வால். "எடுத்தீங்களா?" என்பது வேறு, "எடுத்தீங்கதானே?" என்பது வேறு. அந்த "தானே" ஒட்டினால் அது கேள்வியே இல்லை. அதே வாக்கியத்தை மலாயில் எழுதி வைக்கும்போது இந்த வால் காணாமல் போய்விடும், படிப்பவருக்கு நல்ல பிள்ளையாகக் கேட்ட மாதிரி இருக்கும். அதனால்தான் ஒலிப்பதிவு வேண்டும், சுருக்கக் குறிப்பு போதாது என்கிறேன்.

எங்கே போய்க் கற்பது? கோலாலம்பூரில் 2003இல் தொடங்கிய வட்டார பயங்கரவாத எதிர்ப்பு மையம் சியார்க்ட், பேங்காக்கில் அமெரிக்கத் துணையோடு நடக்கும் அகாடமி, செமாராங்கில் ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் 2004இல் சேர்ந்து தொடங்கியது, எல்லாம் அரசு அதிகாரிகளுக்கு. எங்களைப் போன்ற தனியாருக்குக் கதவு திறக்காது. லண்டனுக்கு ஒருவரை அனுப்பலாம். அவர் திரும்பி வந்து ஆறு மாதத்தில் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொள்வார், போன தடவை அப்படித்தான் நடந்தது.

என் முடிவு இது. அறிமுகத்துக்கு மூன்று நாள், பீஸ் முறை தெரிந்த வெளிப் பயிற்சியாளர் ஒருவர், எங்கள் இடத்திலேயே. அதற்கு லெவி போதும். பிறகு ஆறு மாதம் வாரம் ஒரு தடவை இரண்டு மணி நேரம் ஒத்திகை. ஆதாரத்தை எப்போது எடுப்பது என்பதை அங்கேதான் பழக வேண்டும். மாதம் ஒரு தடவை சோதனைப் பிரிவுப் பொறியாளர் ஒருவர் வந்து, எங்கள் கோப்புகளில் எது பொன், எது தவிடு என்று காட்டுவார். முன்னாள் போலீஸ்காரர் இருவரும் எப்போது கோப்பை மூடிப் போலீசிடம் கொடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு பக்கத்தில் வரைமுறை எழுதுவார்கள். வேகம் வேண்டும் என்று நிர்வாகம் அவசரப்பட்டால் இந்தத் திட்டம் தோற்கும், அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நல்ல விசாரணைக்குத் தயாரிப்பு மட்டுமே இரண்டு மூன்று நாள் எடுக்கும். மேலாளருக்கோ மாலைக்குள் குற்றவாளியின் பெயர் வேண்டும்.

அவர் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சான்றிதழ் உண்டா?" வாராந்திர ஒத்திகைக்குக் கிடையாது என்றேன். முகம் சுளித்தார், ஆனால் மூன்று நாள் வகுப்புக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் கையெழுத்துப் போட்டார். பதிவை எழுத்தாக்க ஆள் கேட்டது இன்னும் கிடப்பில் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஷிப்ட் முடிந்ததும் முதல் ஒத்திகை. சந்தேக நபர் நான். கணினிப் பிரிவுப் பெண் விசாரிக்கிறார், தமிழில். கேண்டீனுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையை ஒதுக்கியிருக்கிறார்கள். நேற்றுப் பதிவு செய்து பார்த்தோம்; ஏர்கான் இரைச்சலில் பாதிச் சொல் விழவில்லை, முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.